போர்வை மூடிய முக்கோணம்

1956ஆம் ஆண்டின் கோடைக்காலம். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், சவுத்எண்ட் என்ற கடற்கரை ஊருக்கு அருகே ரோச்ஃபோர்டு பொது மருத்துவமனை. அங்கே குறைமாதக் குழந்தைகள் பிரிவு ஜீன் வார்டு என்ற தலைமைச் செவிலியரின் பொறுப்பில் இருந்தது. நாய்க்குட்டிகளைப் பேணி வளர்ப்பதில் பெயர் வாங்கியவர் அவர் என்று உடன் பணியாற்றிய மருத்துவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கேட்கக் கேலிபோலத் தோன்றும். ஆனால் நொய்ந்த உயிரைத் தேற்றியெடுக்கும் கை யாருக்கு வாய்த்திருக்கிறது என்பதை ஒரு நாய்க்குட்டியும் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்குபேட்டருக்குள் இருக்கும் புழுக்கத்தைவிட வெளிக்காற்றும் வெயிலும் குழந்தைக்கு நல்லது என்பது வார்டின் கட்சி. வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில் நோஞ்சான் குழந்தைகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் முற்றத்தில் கிடத்துவார். அதற்கென்று உத்தரவு எதுவும் கிடையாது.

ஒருநாள் மருத்துவர்கள் அந்தப் பிரிவைச் சுற்றிவந்தபோது, ஒரு குறைமாதக் குழந்தையைத் துணி விலக்கிக் காட்டினார் வார்டு. சற்றுத் தயக்கத்தோடுதான் காட்டினார். குழந்தையின் உடல் வெளிர் மஞ்சளாக இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் கத்தரித்து ஒட்டியதுபோல முக்கோண வடிவில் அடர்ந்த மஞ்சள். மூத்த மருத்துவர் டாப்ஸ், அந்த இடத்தில் என்ன பூசினீர்கள், அயோடினா என்று கேட்டார். எதுவும் பூசவில்லை, வெயிலால் இருக்கும் என்றார் வார்டு. வெயில் பட்டுத் தோல் கறுக்கச் சில நாட்கள் ஆகுமே என்று மருத்துவர் மடக்கினார். வார்டு சங்கடத்தோடு விளக்கினார்: இது காமாலைக் குழந்தை. போர்வையின் முனை ஒன்று மடிந்து அந்த இடத்தை மூடியிருந்தது. அந்த முக்கோணம் புதிதாக மஞ்சளாகவில்லை. சுற்றியுள்ள உடம்புதான் வெளுத்திருக்கிறது.

இந்த மறுமொழியை நான் பலமுறை அசைபோட்டிருக்கிறேன். எல்லோருடைய கண்ணும் முக்கோணத்தின் மீது நிற்கிறது. ஒருவர் மட்டும் முக்கோணத்தை விட்டுவிட்டு, மற்ற உடம்பைக் கேள்வி கேட்கிறார். மாறியது எது, மாறாதது எது என்று தலைகீழாகப் பார்க்க அவரால் முடிந்ததற்குக் காரணம் எளிது. அந்தக் குழந்தையை முதல்நாளும் பார்த்தவர் அவர்.

அன்றைக்கு அதோடு விட்டுவிட்டார்கள். குழந்தை தேறி வீட்டுக்குப் போனது. முற்றத்து வெயில் தொடர்ந்தது.

ஜன்னலோரத்துச் சோதனைக் குழாய்

சில வாரங்கள் கழித்து, கடும் காமாலையோடு ரத்தமாற்றத்துக்குக் காத்திருந்த ஒரு குழந்தையின் ரத்தம் ஆய்வகத்துக்குப் போனது. காமாலையில் உடம்பை மஞ்சளாக்கும் பொருளான பிலிருபினின் அளவு எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாக வந்தது. குழந்தையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. புதிதாக ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். இந்த முறை அளவு உயர்ந்தே இருந்தது. விசாரித்ததில், முதல் குழாய் சோதிக்கப்படும்வரை ஜன்னலோரத்தில் வெயிலில் கிடந்தது தெரியவந்தது. சாதாரண ஆய்வகமாக இருந்தால் யாரையாவது திட்டிவிட்டு, இனிமேல் குழாயை வெயிலில் வைக்காதே என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். இங்கே இளம் மருத்துவர் ரிச்சர்ட் கிரெமருக்கும் உயிர்வேதியியலாளர் பெர்ரிமனுக்கும் முக்கோணக் குழந்தை நினைவுக்கு வந்தது.

பிறகு முறையாக இறங்கினார்கள். காமாலைக் குழந்தைகளின் ரத்தத்தை வெயிலில் வைத்து அளந்தார்கள், பிலிருபின் குறைந்தது. குழந்தைகளையே ஆடையின்றிச் சிறிது நேரம் வெயிலிலும் சிறிது நேரம் நிழலிலுமாக மாற்றி மாற்றிக் கிடத்தி அளந்தார்கள், அதிலும் குறைந்தது. ஆனால் இங்கிலாந்து வெயிலை நம்பி வைத்தியம் பார்க்க முடியுமா? வானம் இருண்டால் சிகிச்சையும் நின்றுவிடும். ஆகவே கட்டிலின் மேல் கவிழ்த்து வைக்கும் கூரைபோன்ற ஒரு சட்டம் செய்து, உட்புறம் எட்டு நீல ஒளிர்குழல் விளக்குகளைப் பொருத்தினார்கள். நீலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பிலிருபின் அதிகமாக விழுங்கும் ஒளி அதுவே. பிலிருபின் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிவதும் நீலத்தை அது தன்னிடமே வைத்துக்கொள்வதால்தான்.

1958 மே மாதம் கிரெமர், பெர்ரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகிய மூவர் பெயரில் லான்செட் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. முக்கோணத்தைக் கண்டவர் அந்த மூவரில் இல்லை.

கட்டுரை வந்தும் மருத்துவ உலகம் உடனே எழுந்து நிற்கவில்லை. தென் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில இடங்களில் விளக்குகளை மாட்டினார்கள். அமெரிக்கா பத்து ஆண்டு அசையவில்லை. அங்கே 1940களின் கடைசியில் பாஸ்டனில் லூயிஸ் டயமண்ட் தொப்புள்கொடி ரத்தக்குழாயின் வழியாக ரத்தத்தை மாற்றும் முறையைச் செம்மைப்படுத்தியிருந்தார். அது உயிரைக் காத்தது. கையில் அவ்வளவு பெரிய ஆயுதம் இருக்கும்போது டியூப்லைட்டை யார் மதிப்பார்கள்? 1968இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரோல்ட் லூசியும் அவர் குழுவினரும் குறைமாதக் குழந்தைகளை விளக்கு பெற்றவர்கள், பெறாதவர்கள் என்று பிரித்து ஒப்பிட்டு முடிவை வெளியிட்ட பிறகுதான் ஒளிச் சிகிச்சை எல்லா வார்டுகளுக்குள்ளும் நுழைந்தது. இன்று நம் மாவட்ட மருத்துவமனைகளின் சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் "குழந்தையை லைட்டில் வைத்திருக்கிறார்கள்" என்று உறவினர்கள் சொல்லும் அந்த லைட், ரோச்ஃபோர்டு முற்றத்து வெயிலின் வாரிசு.

வெற்றிலை மடிப்பு

மஞ்சள் எங்கிருந்து வருகிறது? ரத்தச் சிவப்பணு ஆயுள் முடிந்து உடையும்போது, அதிலிருக்கும் ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் உண்டாகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் உடைந்தால் ஏறத்தாழ 35 மில்லிகிராம் பிலிருபின். பெரியவர்களின் சிவப்பணு 120 நாள் வாழும். பிறந்த குழந்தையின் அணு 70 முதல் 90 நாள்தான். அணுக்களின் எண்ணிக்கையும் குழந்தைக்கு அதிகம். எடைக்கு எடை பார்த்தால் நம்மைப்போல இருமடங்கு பிலிருபினை அந்தச் சின்ன உடம்பு உண்டாக்குகிறது. அதை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றி வெளியேற்ற வேண்டிய கல்லீரல் நொதியோ, பிறக்கும்போது பெரியவர்களிடம் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வேலை செய்யும். வரவு இரட்டிப்பு, வாசல் ஊசித்துளை. நிறைமாதக் குழந்தைகளில் பத்துக்கு ஆறு பேருக்கும், குறைமாதத்தில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தெரிவது இதனால்தான். பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும்.

வடியாமல் ஏறும்போதுதான் ஆபத்து. பிலிருபின் கொழுப்பில் கரைவது. அளவு மீறினால் மூளைக்குள் நுழைந்து அதன் அடித்தளத்திலுள்ள நரம்பணுத் திரள்களில் படிகிறது. ஆரம்பத்தில் குழந்தை சோர்ந்து கிடக்கும், பாலை உறிஞ்ச மறுக்கும். அடுத்து உடம்பு விறைக்கும், கழுத்து வில்போலப் பின்னால் வளையும், அழுகை கீச்சென்று மாறும். பிழைத்தாலும் கைகால்கள் தம் போக்கில் முறுக்கிக்கொள்ளும் மூளைவாதம், செவித்திறன் இழப்பு, கண்ணை மேலே உயர்த்திப் பார்க்க முடியாமை, பால்பற்களின் எனாமல் குறைபாடு என்று ஆயுள் முழுவதும் தொடரும். இது நேர்ந்த பிறகு திருப்பும் மருந்து கிடையாது. தடுப்பது மட்டுமே வைத்தியம்.

நீல ஒளி இதில் செய்யும் வேலை அழகானது. பிலிருபின் மூலக்கூறு, சுண்ணாம்பும் பாக்கும் உள்ளே போக மடித்த வெற்றிலைபோல, நீரோடு ஒட்டும் பகுதிகளையெல்லாம் உள்ளே மறைத்துத் தன்னைத்தானே மடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நீரில் கரைய மறுக்கிறது. தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தில் நீல ஒளி படும்போது, ஒரு பிணைப்பு திரும்பி மடிப்பு அவிழ்கிறது. மறைந்திருந்த பகுதிகள் வெளியே வருகின்றன. இப்போது கல்லீரல் நொதியின் தயவு இல்லாமலே அது பித்தத்தோடு வெளியேறும். இன்னொரு வடிவமான லூமிருபின் சிறுநீரிலும் போகும். ஜன்னலோரக் குழாயில் நிகழ்ந்ததில் பிலிருபின் காற்றோடு சேர்ந்து சிதைந்ததும் உண்டு. உடம்புக்குள் முக்கியமானது இந்த வடிவ மாற்றமே. புற ஊதாக் கதிருக்கு இதில் பங்கே இல்லை. விளக்கு போட்டால் தோல் கருகும், புற்றுநோய் வரும் என்று உறவினர்கள் பயப்படுவது அந்தக் கதிரோடு இதைக் குழப்பிக்கொள்வதால்தான்.

பத்து நிமிட வெயில்

நம் பிரசவ வார்டுகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"சிஸ்டர், காலையில் கொஞ்சம் இளம் வெயிலில் காட்டினால் போதாதா? என் பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தானே செய்தேன்."

"எவ்வளவு நேரம் காட்டுவீர்கள், பாட்டி?"

"ஒரு பத்து நிமிடம்."

"சட்டை, தொப்பி எல்லாம் கழற்றிவிட்டா?"

"ஐயோ, பச்சைக் குழந்தைக்குச் சளி பிடித்துக்கொள்ளுமே!"

பாட்டியைப் பழமைவாதி என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. ரோச்ஃபோர்டு செவிலியர் நம்பியதைத்தான் பாட்டியும் நம்புகிறார். அடிப்படையில் இருவரும் சரி. வெயிலில் நீல ஒளி ஏராளம்; நேரடி வெயிலின் வீச்சு மருத்துவமனை விளக்கையும் மிஞ்சும். ஆனால் ஒளியும் ஒரு மருந்துதான், அதற்கு அளவு உண்டு. எவ்வளவு தோலில் படுகிறது, எவ்வளவு வலுவாகப் படுகிறது, எத்தனை மணி நேரம் படுகிறது என்ற மூன்றும் சேர்ந்ததே அளவு. துணியில் சுற்றிய குழந்தையின் முகத்திலும் கையிலும் பத்து நிமிடம் படும் காலை வெயில், கடும் காமாலைக்கு ஒரு மாத்திரையை நாக்கில் தொட்டுவிட்டு வைப்பதுபோல. அதை நெடுநேரம் நீட்டினால் புற ஊதாக் கதிரால் தோல் வேகும், உடம்பு கொதிக்கும். குறைமாதமாக இருந்தால் சில்லிட்டும் போகலாம். இதில் இன்னொரு கண்ணி உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்குக் காமாலை தானாகவே வடியும் என்பதால், வெயிலில் காட்டிய எல்லாக் குழந்தைகளும் வெயிலால் குணமானதாகவே வீட்டில் கணக்கு எழுதப்படுகிறது. வடியாத ஒரு குழந்தைக்கு அந்தக் கணக்கால் இரண்டு நாள் வீணாகிறது. இந்த நோயில் இரண்டு நாள் என்பது நீண்ட காலம்.

மருத்துவமனை விளக்கில் நேர்வது வேறு. இடுப்பில் ஒரு துணி மட்டும். கண்களுக்குத் துணிப் பட்டை. குழந்தைக்கு மேலே, சில கருவிகளில் கீழேயும், நீல எல்.இ.டி. விளக்குகள். வேகமாகக் குறைக்க வேண்டிய நிலையில் ஒளியின் வீச்சு சதுர சென்டிமீட்டருக்கு, நானோமீட்டர் அலைநீளத்துக்கு, குறைந்தது 30 மைக்ரோவாட் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. அதை அளக்கவென்றே கையடக்க மீட்டர் உண்டு. விளக்கு கண்ணுக்கு நீலமாக எரிவதாலேயே வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. பழைய குழல் விளக்குகள் பார்வைக்குப் பளிச்சென்றே இருக்கும், வீச்சு பாதியாகியிருக்கும். தள்ளி வைத்தாலும் குறைந்துவிடும். மீட்டர் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் வார்டில் லைட்டில் வைப்பதும் ஒருவகைப் பத்து நிமிட வெயில்தான்.

விளக்கின் கீழ் இருக்கும் குழந்தை பச்சை நிறத்தில் இளகலாக மலம் கழிக்கும். தாய் பதறிப்போய் வயிற்றுப்போக்கு என்பார். உண்மையில் அவிழ்ந்த வெற்றிலைகள் வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. பால் கொடுக்க எடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்; அந்த நேரத்தில் கண்பட்டையை அவிழ்த்தால் தாயும் பிள்ளையும் முகம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒளிக்கும் அடங்காமல் ஏறினால் டயமண்டின் பழைய ஆயுதம் இன்னும் இருக்கிறது. மூன்று கிலோ குழந்தைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் ரத்தம், அதாவது உடம்பில் இருப்பதைப்போல இருமடங்கு, தொப்புள்கொடி ரத்தக்குழாய் வழியாகச் சிறிது எடுத்து, சிறிது செலுத்தி, மணிக்கணக்கில் மாற்றப்படும். சிவப்பணுக்களில் 85 விழுக்காடுவரை மாறிவிடும். அபாயம் உள்ள வேலை. ஒளி வந்த பிறகு இது அரிதானது. இளம் மருத்துவர்கள் பலர் ஒன்றைக்கூடப் பார்க்காமலே படிப்பை முடிக்கிறார்கள்.

ஒளியும் முழுக்கத் தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. 2008இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மிகக் குறைந்த எடைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே தீவிர ஒளி கொடுத்தபோது மூளைவளர்ச்சிக் கோளாறுகள் குறைந்தன. ஆனால் 750 கிராமுக்குக் கீழான குழந்தைகளில் இறப்பு கூடியிருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. 2022இல் அமெரிக்க வழிகாட்டுதல் திருத்தப்பட்டபோது, நிறைமாதத்தை ஒட்டிய குழந்தைகளுக்கு ஒளி தொடங்க வேண்டிய எல்லையைச் சற்று உயர்த்தினார்கள். சிகிச்சை தேவைப்படாத குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம்.

கண்ணுக்கு எட்டாத மஞ்சள்

ஜீன் வார்டுக்கு வெளிர் தோல் கைகொடுத்தது. மாநிறக் குழந்தையின் உடம்பில் அந்த முக்கோணம் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். பகல் வெளிச்சத்தில் குழந்தையின் நெற்றியையோ மூக்கு நுனியையோ விரலால் அழுத்தி, எடுத்த கணத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். ரத்தச் சிவப்பு விலகிய அந்த நொடியில் அடியிலிருக்கும் மஞ்சள் தெரியும். பிறகு மார்பு, வயிறு, தொடை, பாதம் என்று கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். காமாலை தலையில் தொடங்கிக் காலை நோக்கி இறங்கும் என்று 1969இல் கிராமர் (ரோச்ஃபோர்டின் கிரெமர் அல்ல, வேறொருவர்) எழுதினார். உள்ளங்காலில் மஞ்சள் தெரிந்தால் அளவு உயர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் வீட்டில் நிற்கக் கூடாது.

ஆனால் இந்தச் சோதனை, போக வேண்டும் என்பதைச் சொல்லும். போக வேண்டியதில்லை என்பதை ஒருபோதும் சொல்லாது. கைதேர்ந்த மருத்துவர்களே கண்ணால் மதிப்பிட்டுத் தவறியிருக்கிறார்கள். நம் வழக்கத்தில் இன்னொரு தடையும் உண்டு: பிள்ளை பெற்றவளையும் குழந்தையையும் காற்றும் வெளிச்சமும் புகாத அறையில் வைப்பது. அந்த இருட்டில் மஞ்சள் எப்படித் தெரியும்? அளவுக்கு ரத்தச் சொட்டு வேண்டும், அல்லது தோலின் மீது வைத்து அளக்கும் கருவி வேண்டும்.

அளந்தால் மட்டும் போதாது, வயதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இங்கே வயது என்பது மணிக்கணக்கு. டெசிலிட்டருக்கு 12 மில்லிகிராம் என்பது ஐந்தாம் நாள் நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணம். பிறந்த 20ஆம் மணியில் அபாயச் சங்கு. இதை வரைபடமாக்கி 1999இல் வெளியிட்டவர் வினோத் பூட்டானி. அது தேவைப்பட்டதன் பின்னணியை நம் ஊருக்கும் பொருத்திப் பார்க்கலாம். 1990களில் அமெரிக்காவில் செலவைக் குறைப்பதற்காகப் பிரசவமான ஒரே நாளில் தாயையும் சேயையும் அனுப்பத் தொடங்கினார்கள். ஒழிந்தது என்று நினைத்த மூளைக் காமாலை மீண்டும் தலைகாட்டியது. 2001இல் அந்நாட்டு மருத்துவமனைத் தரக்கட்டுப்பாட்டு ஆணையம் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. நிறைமாதக் குழந்தைக்குப் பிலிருபின் உச்சம் தொடுவது மூன்றாவது முதல் ஐந்தாவது நாளில். குறைமாதமானால் இன்னும் தள்ளி. வீட்டுக்கு அனுப்புவது அதற்கு முன்னாலே.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டும் அளவு 99.6 விழுக்காடு. பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் சுகப்பிரசவமானால் இரண்டு மூன்று நாளில் வீடு. மஞ்சள் ஏறும் நாட்கள் மருத்துவமனைக் கணக்கில் வராமல், பாட்டியின் கணக்கில் விழுந்துவிடுகின்றன. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வரும் நாளில் குழந்தையை இருட்டறையிலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்து காட்டுவது சடங்குபோல நடந்தாலே பல குழந்தைகள் தப்பும்.

வருமுன்

தடுப்பின் பெரும்பகுதி பிரசவத்துக்கு முன்பே தொடங்குகிறது. தாயின் ரத்தம் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்றால், முதல் பிரசவத்தில் கலந்த சிறிதளவு ரத்தம் தாயின் உடம்பில் எதிர்ப்பொருளை மூட்டிவிடும். அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அது கூட்டம் கூட்டமாக உடைக்கும். 1968 முதல் சந்தைக்கு வந்த ஆன்டி-டி ஊசி இதைத் தடுக்கிறது. கருவுற்ற 28ஆம் வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கருக்கலைந்தாலும் போட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாமல் போகிறது. தலைச்சன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இந்த ஊசியைத் தட்டிக்கழித்தால் ஆபத்து அடுத்த குழந்தைக்குத்தான். தாய் ஓ பாசிட்டிவ், குழந்தை ஏ அல்லது பி என்றாலும் காமாலை வரலாம். அதற்கு ஊசி இல்லை, கண்காணிப்பு மட்டுமே.

அடுத்தது பால். குழந்தையின் முதல் மலமான கருமலத்தில் பிலிருபின் நிறைய இருக்கிறது. அது குடலில் தங்கினால் மீண்டும் ரத்தத்துக்குள் உறிஞ்சப்படும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் என்று கொடுத்தால் குடல் அசைந்து கருமலம் வெளியேறும். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன் எல்லாம் இந்த இடத்தில்தான் கெடுதல் செய்கின்றன. வயிறு நிரம்பிய குழந்தை மார்பை நாடாது. தண்ணீரால் பிலிருபின் குறைவதும் இல்லை. தாய் மஞ்சள் சேர்த்துச் சாப்பிட்டதால் பிள்ளைக்கு மஞ்சள் வந்தது என்று பத்தியத்தை இறுக்குவதற்கும் அடிப்படை கிடையாது. பத்தியத்தால் பால் வற்றுவதுதான் மிச்சம்.

கீழாநெல்லி பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். பெரியவர்களுக்குக் கல்லீரல் வீங்கி வரும் காமாலையும் பிறந்த குழந்தையின் காமாலையும் பெயரளவில்தான் ஒன்று. பச்சைக் குழந்தையின் நாக்கில் எந்த இலைச்சாறும் படக் கூடாது.

பீரோவில் ஒரு ஆபத்து இருக்கிறது. பிறந்த குழந்தைக்குப் பழந்துணி போடுவது நம் வழக்கம். தாத்தாவின் மிருதுவான வேட்டி, முந்தைய பிள்ளையின் சட்டை என்று எடுத்து வைத்ததைப் பிரிப்பார்கள். இடையில் பாச்சை உருண்டை கிடந்திருக்கும். அதிலிருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளின் சிவப்பணுக்களை மளமளவென்று உடைக்கும். முகர்ந்தாலும் போதும், தோலில் பட்டாலும் போதும். இந்தக் குறைபாடு வெளியே தெரியாது; ஆண் குழந்தைகளிடம் அதிகம். துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்திப் போடுங்கள் என்று சொல்வதோடு, உருண்டையை அந்தப் பீரோவிலிருந்தே எடுத்துவிடச் சொல்ல வேண்டும்.

சில நிலைகளில் காத்திருக்கவே கூடாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது நோய்தான். குழந்தை பாலுக்கு எழாவிட்டால், உடம்பு துவண்டாலோ விறைத்தாலோ, கீச்சென்று அழுதால் நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நின்றால், மலத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். மலம் சுண்ணாம்புபோல வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால், பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்குரிய கசாய் அறுவை சிகிச்சை, குழந்தைக்கு அறுபது நாள் ஆவதற்குள் செய்தால்தான் நன்கு பலிக்கும். இது விளக்குக்கு அடங்கும் காமாலையே அல்ல. கசாய் என்பது ஜப்பானிய மருத்துவர் ஒருவரின் பெயர், நம் கஷாயத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முற்றத்துக்குத் திரும்பிய வெயில்

விளக்கு வாங்கினாலும் மின்சாரம் இல்லாத ஊர்கள் உலகில் ஏராளம். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒரு மருத்துவமனையில், ரோச்ஃபோர்டு முற்றத்தை மீண்டும் கட்டிப் பார்த்தார்கள். கூரையும் பக்கமும் ஒரு சிறப்புப் பிளாஸ்டிக் தாளால் மூடிய பந்தல். புற ஊதாக் கதிரையும் வெப்பத்தைத் தரும் கதிரையும் தாள் தடுக்கும். நீல ஒளியை உள்ளே விடும். காமாலைக் குழந்தைகளில் ஒரு பகுதியினர் பந்தலில், மறுபகுதியினர் வழக்கமான விளக்கின் கீழ். 447 குழந்தைகளைக் கொண்ட இந்த ஒப்பீடு 2015இல் வெளியானது. பந்தல் ஒளி 93 விழுக்காடு சிகிச்சை நாட்களில் பலித்தது. விளக்கு 90 விழுக்காடு நாட்களில்.

பாட்டியின் வெயிலுக்கும் இந்தப் பந்தலுக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகள் ஆடை களைந்து மணிக்கணக்கில் கிடந்தார்கள். ஒளியின் வீச்சு மீட்டரால் அளக்கப்பட்டது. உடம்பு சூடேறினால் குளிர்விக்கவும் வெளியே எடுக்கவும் செவிலியர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். ரத்தத்தில் பிலிருபின் அளந்து பார்க்கப்பட்டது. பந்தலுக்கு அடங்காத அளவுக்கு ஏறினால் ரத்தமாற்றத்துக்கும் வழி இருந்தது. தாய்மார்கள் அந்தப் பந்தலுக்குள்ளேயே உட்கார்ந்து பால் கொடுத்தார்கள்.